வரிசையில் நின்ற பத்தொன்பது அத்தியாயங்கள்

ஆபீசில் நானும் அவளும் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பல வருடம் வேலை பார்த்திருக்கிறோம். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. இதில் எது பெரிய குறை என்று அவளிடம் கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னைத்தான் கை காட்டுவாள்.

அவள் ஆஸ்டின் டவுன்காரி. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். நான் வேலைக்காக ஆம்பூரிலிருந்து வந்து விவேக் நகரில் வாடகைக்கு இருக்கிறவள். என் தமிழைக் கேட்டு அவள் சிரிப்பாள், அவள் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். எதைச் சொன்னாலும் முதலில் ‘ஹௌதா?’ என்று கன்னடத்தில் கேட்பாள். அப்படியா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை அவள் இழுக்கிற இழுப்பிலேயே, நான் சொன்னதை நம்பினாளா இல்லையா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நம்பியிருக்க மாட்டாள்.

எங்கள் கம்பெனி எழுத்தைக் குரலாக்கித் தருகிற கம்பெனி. யாராவது ஆயிரம் பக்கப் பயிற்சிப் பாடத்தைக் கொடுப்பார்கள். பக்கங்களின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, அதை வாசிக்கும் குரலாக்கி ஒலிக்கோப்புகளாகத் திருப்பித் தருவோம். உட்கார்ந்த இடத்தில் ஒரு பட்டனைத் தட்டி முடிக்கிற காரியம் இல்லை இது. வேலைகளை மொத்தமாகக் கட்டி, எங்கோ இருக்கும் பெரிய கணினிகளுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விவரக்குறிப்பு எழுத வேண்டும்: பெயர் இது, இந்த வரிசையில் நிற்கட்டும், இவ்வளவு நினைவகம் வேண்டும், இந்த நிரலை ஓட்டு. அனுப்பியதும் நீளமாக ஒரு எண் கிடைக்கும். அங்கே இடம் காலியாகும்போது வேலை ஓடும். நடுவில் நிலைமை என்ன என்று தெரிய வேண்டுமானால் அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்பது மனிதரிடம் இல்லை. நம் நிரல் போய் அங்குள்ள நிரலைக் கேட்கும், அது ஒரு முழ நீள விவரத்தைத் திருப்பி அனுப்பும்.

அந்த முழ நீளத்தையும் விடாமல் படிக்கிற ஒரே ஆள் எங்கள் குழுவில் அவள்தான். அவளுக்குப் படிப்பது என்றால் கேட்பது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை அவள் வைத்திருக்கும் வேகத்தில் ஒருமுறை என் காதில் மாட்டிப் பார்த்தேன், ஒரு சொல் பிடிபடவில்லை. அவளோ ஒரு காதில் அதை ஓடவிட்டு, இன்னொரு காதால் என்னிடம் மத்தியானத்துக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருப்பாள்.

“இந்த வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல,” என்பாள் திடீரென்று.

“எப்படிச் சொல்றே?”

“ஆரம்பிச்ச நேரம்னு ஒரு வரி வரணும். வர்ல. ஆரம்பிச்சிருந்தா வந்திருக்கும் இல்ல?”

வந்த வரியையே நான் ஒழுங்காகப் பார்க்க மாட்டேன். அவள் வராத வரியைக் கவனிப்பாள். அதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலத் தோன்றும் எனக்கு. சில நாள் மண்டையில் ஒன்று வைக்கலாம் போலவும் தோன்றும்.

எனக்கு இந்த நீள விவரமெல்லாம் ஆகாது. ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து ஒவ்வொரு நிலையாகக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கென்ன வேறு வேலை இல்லையா? அதனால் நானே ஒரு பலகை செய்தேன். ஒரு வலைப்பக்கம், அதில் பெரிதாக ஒரு வட்டம். எங்கள் குழு அனுப்பிய வேலைகளின் பட்டியலை அது நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். பட்டியலில் வேலை இருந்தால் மஞ்சள். பட்டியல் காலியாக வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பச்சை. குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மேனேஜர் சுவரில் ஒரு திரை மாட்டி, அதில் என் வட்டத்தைப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பச்சையா இருந்தா எனக்கு இன்னா, ஊதாவா இருந்தா எனக்கு இன்னா?” என்றாள் அவள்.

அவளுக்காக அதில் ஒரு குரல் சேர்த்தேன். பச்சை வந்தால் ‘எல்லா வேலையும் முடிந்தது’ என்று சொல்லும். கம்பெனியில் இருந்த குரல்களிலேயே இனிமையான பெண்குரலாகப் பார்த்துப் போட்டேன். அதைக் கேட்டுவிட்டு அவள், “ரொம்ப குஷியா இருக்குது இவ. எனக்கு என் பழைய ஆளே போதும்,” என்று இயர்போனை மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா கொடுத்தனுப்பிய புளியோதரைக்காகப் பேசினேன்.

அவளுக்கு இந்தக் கணினி வேலையில் பெரிய ஆசை கிடையாது. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் ஆசை. அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்திருந்தாள். இரண்டு வருடப் படிப்பு, ஆனால் வேலையும் பார்த்துக்கொண்டு, புத்தகங்களைக் கேட்கிற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு படிக்க அவளுக்குக் கூடுதல் நாள் பிடித்தது. நான்கு வருடத்துக்குள் எல்லாத் தாளையும் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு தாள் மிச்சம். தென்னிந்திய வரலாறு. இரண்டு முறை போயிருந்தது. வரப்போவது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் தேறிய தாள்களும் சேர்ந்து செல்லாமல் போகும்.

இரண்டு முறை போனதற்குக் காரணம் அந்த ஆங்கிலப் பாடப் புத்தகம். பழைய அச்சு, பக்கத்துக்கு இரண்டு பத்தி, அடியில் குறிப்புகள். போனில் இருக்கும் செயலிகள் இரண்டு பத்தியையும் கலந்தடித்து வாசித்துவிடும். சாளுக்கியர் பாதி வாக்கியத்தில் சோழராகிவிடுவார்கள். எங்கள் கம்பெனி நிரல் அதைச் சரியாகப் பிரிக்கும். மேனேஜரிடம் நான்தான் போய்க் கேட்டேன். நல்ல மனிதர். “கம்பெனி வேலை இல்லாதப்போ ஓடுற வரிசையில போட்டுக்கோங்க,” என்றார்.

அடுத்த நாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பைண்டிங் கடைக்காரர் ஒருவர் புத்தகத்தின் முதுகை ஒரே வெட்டாக வெட்டிக் கொடுத்தார். உதிரித் தாள்களை ஆபீஸ் ஸ்கேனரில் கட்டுக்கட்டாகக் கொடுத்துப் படமெடுத்தேன். முப்பத்தோரு அத்தியாயம். அத்தியாயத்துக்கு ஒரு வேலையாக முப்பத்தொன்றுக்கும் விவரக்குறிப்பு எழுதி, புதன்கிழமை அனுப்பினேன். திங்கட்கிழமை காலை பரீட்சை.

“நம்பர்களை எனக்கு அனுப்பு. நான் கேட்டுக்கறேன்,” என்றாள்.

“நீ லீவு போட்டுப் படிக்கிற வேலையைப் பாரு. இதை நான் பாத்துக்கறேன்.”

“ஹௌதா?”

“சத்தியமா.”

அவளுக்கு ஏதாவது முழுசாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவள் விடவே மாட்டாள். தண்ணீர் பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தால்கூட நன்றி சொல்லிவிட்டு, அடுத்த முறை எனக்கு முன்னால் எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு என்னவோ விட்டுக்கொடுத்தாள். எண்களை அவளுக்கு அனுப்பாமல் நானே வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வட்டம் பச்சையானது. குஷிக் குரல் எல்லா வேலையும் முடிந்தது என்றது. ‘ரெடி, எடுத்துக்கோ’ என்று அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியில் எனக்கு நானே ஒரு தட்டு கோபி மஞ்சூரியன் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“பன்னெண்டாவது அத்தியாயம் வரைக்கும்தான் இருக்குது.”

“முப்பத்தொண்ணும் இருக்கும். முடிஞ்சிருச்சே.”

“பன்னெண்டுதான் இருக்குது.”

“நீ சரியா பாத்திருக்க மாட்டே. கீழ இருக்கும், உனக்குத் தெரிஞ்சிருக்காது. அம்மாவையாவது பாக்கச் சொல்லு.”

பார் என்ற சொல்லுக்கு அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சினிமா பார்த்தேன் என்றுதான் அவளும் சொல்வாள். இத்தனை வருடம் வராத வரியைக்கூடப் பிடிக்கிறவளை, நான் செய்த ஒரு வட்டம் பச்சையாக இருந்தது என்பதற்காக ஒரு நிமிடத்தில் கண் தெரியாதவளாக்கிவிட்டேன். சொன்ன கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன்.

“நம்பர் அனுப்பு,” என்றாள்.

முப்பத்தோரு எண்ணையும் அனுப்பினேன். போனை வைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் மடிக்கணினியில் கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பழைய ஆளின் குரல் எனக்குக் கேட்டது. முதலில் அவள் வேகத்தில் ஓடியது, பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாக்கினாள். பெயர், பதின்மூன்றாம் அத்தியாயம். நிலை, காத்திருக்கிறது. உண்டான நேரம் என்று ஒரு நீள எண். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

“ஆரம்பிச்ச நேரம் இல்ல,” என்றாள்.

பதினான்கு, காத்திருக்கிறது. பதினைந்து, காத்திருக்கிறது. போதும் என்றேன். அவள் நிறுத்தவில்லை. முப்பத்தொன்று வரைக்கும், பத்தொன்பதையும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினாள்.

நடந்தது இதுதான். வேலைகளின் பட்டியலைக் கேட்கும்போது, எந்த நிலையில் இருப்பவை வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லாமல் கேட்டால் ஓடிக்கொண்டிருப்பவற்றை மட்டும்தான் அது தரும். காத்திருப்பவை அந்தப் பட்டியலிலேயே வராது. என் பலகை ஒருநாளும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கம்பெனி வேலைகள் காத்திருக்க நேர்ந்ததே இல்லை என்பதால் இதுவரை எனக்கு அது தெரியவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு குழுவின் பெரிய கம்பெனி வேலை வந்து எல்லாக் கணினிகளையும் எடுத்துக்கொண்டது. அவளுடைய பத்தொன்பது அத்தியாயமும் பின்னால் வரிசையில் நின்றன. எங்கள் குழுவின் வேலை ஒன்றுமே ஓடவில்லை, அதனால் எல்லாம் முடிந்தது என்று என் வட்டம் பச்சையானது.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அந்தப் பெரிய வேலையை நிறுத்த முடியாது, திங்கட்கிழமை வரை ஓடும் என்று வருத்தத்தோடு சொன்னார். உதிரித் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு நடந்தேன். கதவைத் திறந்த அவள் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கை காட்டினார். அவள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். “பதிமூணுலேந்து படி,” என்றாள்.

தாள்கள் பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு நாளும் வாசித்தேன். ஏப்ரல் வெயில். அவளுக்கு என் வேகம் தாங்கவில்லை. தினமும் அவள் கேட்கிற வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நான் வரமாட்டேன். “இப்டியே போனா பரீட்சை முடிஞ்சு பேப்பர் திருத்தி ரிசல்ட்டும் வந்துடும்,” என்று அலுத்துக்கொண்டாள். நான் அவசரத்தில் ஒரு அடிக்குறிப்பைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவாள். “மூணாவது குறிப்புக்கு அப்புறம் அஞ்சுக்குப் போயிட்டே. நாலு எங்க?” வரைபடம் வந்தால் விடவே மாட்டாள். எந்த ஆறு எந்தப் பக்கம், எல்லைக்கோடு எதற்கு மேலே போகிறது, எல்லாம் சொல்ல வேண்டும். சும்மா ஒரு மேப்தானே என்றேன் ஒருமுறை. “அது உனக்குச் சும்மா,” என்றாள்.

ஞாயிறு மத்தியானம் அவள் அம்மா மிளகு ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நேத்து நான் சொன்னது தப்பு,” என்றேன். “உனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன் பாரு, அது.”

“தப்புதான். வலிச்சுது,” என்றாள். “அப்புறமா சண்டை போட்டுக்கலாம். இப்ப எத்தனாவது அத்தியாயம்?”

“இருபத்தஞ்சு.”

“ரசத்தைக் குடிச்சுட்டுப் படி.”

சாயங்காலம் இருபத்தெட்டு முடிந்தபோது என் குரல் முழுசாகப் போய்விட்டது. காற்றுதான் வந்தது. மூன்று அத்தியாயம் பாக்கி. அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. “பரவால்ல, விடு,” என்றாள். “படிச்ச வரைக்கும் எழுதறேன்.” என் தொண்டையைக் கையால் தடவிப் பார்த்து, “வீங்கிக்கினு இருக்குது,” என்றாள். எனக்கு அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை அவளோடு பரீட்சை மையத்துக்குப் போனேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு கல்லூரிப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். மத்தியானம் வெளியே வந்தாள். விஜயநகர ஆட்சியின் நிலவரி பற்றிப் பதினைந்து மார்க் கேள்வி வந்ததாம். முப்பதாவது அத்தியாயம். “தெரிஞ்சதை வச்சு ஒப்பேத்தினேன்,” என்றாள். ஆட்டோவில் போகும்போது என் போனில் பார்த்தேன். பெரிய வேலை முடிந்து, அவளுடைய அத்தியாயங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. மூன்று மணிக்குள் முப்பத்தொன்றும் முடிந்துவிட்டன. இந்த முறை ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்துக் கேட்டேன். எல்லாவற்றிலும் முடிந்த நேரம் இருந்தது.

ரிசல்ட் ஆபீசில் இருக்கும்போது வந்தது. அவளே கேட்டாள். இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“ஃபெயில். நாலு மார்க்.”

“திரும்ப மதிப்பீடு பண்ணச் சொல்லலாம். நாலு மார்க்தானே, அவங்க கூட்டுறதுலகூடத் தப்பு பண்ணியிருக்கலாம்...”

“ஃபெயில்னா ஃபெயில்,” என்றாள். “அதுக்கு நீ கலர் அடிக்காத.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. சிறிது நேரம் மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “கீபோர்டு மேல சிந்தாத, புதுசு குடுக்க மாட்டாங்க,” என்று கைக்குட்டையை நீட்டினாள். அந்த வாரமே சுவரிலிருந்து என் வட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வேலையின் பெயரும் நிலையும் வரிவரியாக வருகிறது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. யாரும் பாராட்டவும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நான் போனபோது என் மேசை மேல் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எம்.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு, முதல் தாள். அதே பழைய அச்சு, அதே இரண்டு பத்தி. மறுபடி சேர்ந்திருந்தாள், முதலிலிருந்து. கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

“வேற யார்கிட்டயாவது குடுக்கலாமே,” என்றேன்.

“யார்கிட்ட குடுக்கறது? ஃபுட்நோட்டைத் தாண்டினா திட்டறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல.”

“இன்னிக்கே சிவாஜிநகர் போய் வெட்டிட்டு வந்துடறேன். நாளைக்கே ஸ்கேன் பண்ணிடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள...”

“மெதுவா பண்ணும்மா,” என்றாள். “இந்தத் தடவையும் நாலு வருஷம் குடுத்துக்கிறாங்க.”